எலெக்ட்ரிக் கிட்டாரின் இரைச்சலை அடக்குவதும் பாகங்களை மாற்றுவதும்: முதன்முறை திறப்பவர்களுக்கு

விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் இரைகிறது. இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் சுருதி கலைந்துவிடுகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையும் இரண்டுதான்: பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) மாற்று, டியூனிங் கீயை மாற்று. பணம் செலவான பிறகும் இரைச்சல் அப்படியே இருக்கும், சுருதியும் அப்படியே கலையும். இரைச்சல் எங்கிருந்து வருகிறது, கம்பி எங்கே சிக்குகிறது என்று பார்க்காமல் பாகம் வாங்கினால் வேறென்ன நடக்கும்? சோதனைக்குச் செலவே இல்லை. அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரை மனத்தில் வைத்து. ஃபெண்டர் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த இந்த அமைப்பைத்தான் உலகெங்கும் மலிவுக் கிட்டார்கள் நகலெடுக்கின்றன: மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்புகள், ஒரு வால்யூம், இரண்டு டோன், ஐந்து நிலை சுவிட்ச் (தொடக்கத்தில் மூன்று நிலைதான்), முதுகில் ஸ்பிரிங் வைத்த ட்ரெமலோ பிரிட்ஜ், அதாவது கோலை அசைத்தால் சுருதியும் அசையும் கம்பித்தாங்கி.

முதலில் வீட்டு எர்த்

கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் வெளிக்கவசம் வழியாக, ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்பில் இருக்கின்றன. வாசிக்கும்போது உங்கள் விரல்களும் அந்தத் தொடர்பில்தான் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரில் பழுது ஏற்பட்டு, வீட்டில் எர்த்தும் இல்லையென்றால், 230 வோல்ட் கம்பி வழியாகக் கைக்கு வரும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

கம்பியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறது என்றால் வாசிப்பதை நிறுத்துங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தாலும் மேல் துளைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பதுண்டு. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகி எர்த்தைத் துண்டித்தால் இரைச்சல் குறையும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சில நேரம் உண்மையிலேயே குறையும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரின் பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

திறப்பதற்கு முன் கேளுங்கள்

இரைச்சல் ஒரே வகை இல்லை. "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் உறுமுவது ஒன்று. "ஸ்ஸ்ர்ர்" என்று கூர்மையாக இரைவது இன்னொன்று. குமிழைத் திருகும்போதோ கேபிளை அசைக்கும்போதோ கரகரப்பது மூன்றாவது. மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து. ஒன்றுக்கானதை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் கிட்டாருக்குள் கவசமாக ஒட்டும் செப்பு நாடா பலருக்கு ஏமாற்றம் தருகிறது.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து கேபிளை முழுவதும் உருவிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் அப்போதும் இருந்தால் கிட்டாருக்கு அதில் பங்கில்லை. ஆம்ப்ளிஃபயரையோ மின்சாரத்தையோ பாருங்கள். கேபிளை ஆம்ப்ளிஃபயரில் விட்டு, மறுமுனையைக் காற்றில் தொங்கவிட்டுச் சோதிக்காதீர்கள். திறந்த முனை எப்போதுமே உறுமும். அதிலிருந்து எதுவும் தெரியாது. அடுத்து கிட்டாரை மாட்டி வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். வழக்கமான இணைப்பில், வால்யூம் பூஜ்யத்துக்கு வந்ததும் சமிக்ஞை வயர் கிரவுண்டோடு, அதாவது கேபிளின் வெளிக்கவசத்தோடு இணைந்த வயரோடு, சேர்ந்துவிடும். அப்போதும் இரைந்தால் கேபிளையும் ஜாக்கையும் சந்தேகியுங்கள். வால்யூமை ஏற்றும்போது மட்டும் இரைந்தால் பிக்கப்புகளோ உள் வயர்களோ வெளியிலிருந்து எதையோ வாங்குகின்றன.

வெளியிலிருந்து எதை? ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் முதல் சந்தேகம் மின்விசிறி ரெகுலேட்டர் மேல்தான். படிப்படியாக "டக், டக்" என்று மாறும் வகை பெரும்பாலும் சாது. வழுவழுவென்று சுழலும் வகை மின்னலையை ஒவ்வொரு சுற்றிலும் பாதியில் வெட்டி வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு காற்றில் பரவி, ஒற்றைச் சுருள் பிக்கப்பில் கூர்மையான இரைச்சலாக விழுகிறது. சில நூறு ரூபாய்க்கு ரெகுலேட்டரை மாற்றினால் சிலருக்குக் கிட்டாரைத் திறக்கவே வேண்டியிருக்காது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், கணினித் திரை ஆகியவையும் இதே பட்டியலில் வரும். லேப்டாப்பில் மாட்டி வாசிப்பவர்கள் சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் குற்றவாளி சார்ஜர். பெடல்கள் வைத்திருப்பவர்கள் அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, கிட்டாரை நேரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டித்தான் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

இப்போது கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை; கம்பி கிரவுண்ட் சரியாக இருக்கிறது, உள்ளே கவசம் போதவில்லை என்று பொருள். கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது. தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜாக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசிச் சோதனைக்கு ஐந்து நிலை சுவிட்ச் போதும். ஆரம்பகால ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று நிலைகளே இருந்தன. வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கவைத்தார்கள். 1977இல் ஃபெண்டரே ஐந்து நிலை சுவிட்சைக் கொடுத்தது. பிற்காலத்தில் நடுப் பிக்கப்பின் காந்தத்தையும் சுருளையும் எதிர்த்திசையில் அமைக்கும் வழக்கம் வந்தது. அப்படி அமைந்த கிட்டாரில், இரண்டு பிக்கப் சேரும் 2, 4ஆம் நிலைகளில் இரு சுருள்களும் வாங்கும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பின் தத்துவமும் இதுவே.

ஆகவே 1, 3, 5ஆம் நிலைகளில் உறுமி, 2, 4ஆம் நிலைகளில் அடங்கினால், அது மின்மாற்றிகளும் வயர்களும் எழுப்பும் காந்தப்புல உறுமல். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உடலைத் திருப்பினால் ஒரு திசையில் அது குறைவதையும் கேட்கலாம். எத்தனை சுற்று செப்பு நாடா ஒட்டினாலும் இது போகாது. செப்பு காந்தப்புலத்தைத் தடுக்காது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்காருவது, திசை மாறுவது, இல்லையென்றால் ஒற்றைச் சுருள் அளவிலேயே வரும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு மாறுவது ஆகியவையே வழி. மாறாக 2, 4ஆம் நிலைகளிலும் கூர்மையான இரைச்சல் தொடர்ந்தால் உள்ளே கவசம் போடுவது பலன் தரும்.

திறக்காமலே ஓர் அளவீடு

மல்டிமீட்டர் இல்லாதவர் முதலில் அதை வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் மீட்டர், சாலிடரிங் அயர்ன், பற்றவைக்கும் ஈயம், செப்பு நாடா எல்லாம் நடந்தே வாங்கிவிடலாம்.

கேபிளைக் கிட்டாரில் மட்டும் மாட்டி, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மின்தடையை அளங்கள். வால்யூமும் டோனும் முழு அளவில் இருக்கட்டும். சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப் 5 முதல் 7 கிலோ ஓம் அளவில் காட்டும். இரண்டு பிக்கப் சேர்ந்த நிலைகளில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பூஜ்யம் காட்டினால் எங்கோ வயர் ஒட்டியிருக்கிறது. ஒரு நிலையில் மட்டும் 250 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் அந்தப் பிக்கப்பின் சுருளோ வயரோ அறுந்துவிட்டது. நீங்கள் பார்ப்பது வால்யூமின் தடையைத்தான். பிரிட்ஜுக்கும் பிளக்கின் தண்டுக்கும் இடையே ஓரிரு ஓமுக்கு மேல் வரக்கூடாது. இந்த எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேலை முடித்து மூடும்போது அதே எண்கள் வந்தால் எதையும் கெடுக்கவில்லை என்ற நிம்மதி கிடைக்கும்.

கவசம் போடுதல்

கம்பிகளைக் கழற்றி, பிக்கார்டின் (பிக்கப்புகளும் குமிழ்களும் பொருத்திய முன்பக்கப் பலகை) திருகுகளை எடுத்துப் பலகையைப் புரட்டுங்கள். எந்த வயரையும் தொடும் முன் கைப்பேசியில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். பலகையைக் கிட்டார் உடலோடு பிணைப்பவை வழக்கமாக மூன்று வயர்கள்தான்: ஜாக்குக்குப் போகும் இரண்டு, முதுகுப்பக்க ஸ்பிரிங் கொக்கிக்குப் போகும் கிரவுண்ட் ஒன்று. மூன்றையும் பிரித்தால் பலகை தனியாக வந்துவிடும்.

குழியைத் தூசி போகத் துடைத்துவிட்டு முதலில் அடிப்பரப்பிலும் பிறகு சுவரிலும் நாடாவை ஒட்டுங்கள். ஒரு துண்டின் மேல் அடுத்தது அரை சென்டிமீட்டராவது ஏறி இருக்கட்டும். நாடாவின் விளிம்பு கையைக் கத்தி போலக் கிழிக்கும். மழுங்கிய கரண்டிக் காம்பால் அழுத்தித் தேயுங்கள். ஒரு துண்டு மட்டும் குழிக்கு வெளியே வழிந்து, பிக்கார்டு திருகு ஒன்றின் துளையைத் தொட வேண்டும். பிக்கார்டின் பின்புறத்திலும் நாடா ஒட்டிவிட்டால், திருகை முடுக்கும்போது மூடியும் குழியும் மின்தொடர்பில் ஒன்றாகும். பெட்டிக்கு மூடி இல்லாவிட்டால் கவசம் பாதிதான் வேலை செய்யும்.

நாடாவின் பசை மின்சாரத்தைக் கடத்தும் என்று அட்டையில் எழுதியிருக்கும், நம்ப வேண்டாம். துண்டுகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். பிறகு மீட்டரால் குழியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளங்கள். ஓர் ஓமுக்குக் கீழ் வர வேண்டும். சமையலறை அலுமினியத் தாள் மலிவுதான், ஆனால் அதில் சாதாரண ஈயம் பிடிக்காது. கருப்புக் கடத்திப் பெயின்ட் பூசுவதும் நல்ல முறையே. இரண்டு பூச்சும் காயும் நேரமும் தேவை. அப்போது கிரவுண்ட் வயரை வளையத்தில் பற்றவைத்துத் திருகால் மரத்தில் இறுக்க வேண்டும்.

கவசத்திலிருந்து ஒரு வயர் எடுத்து வால்யூம் கட்டுப்பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் பற்றவையுங்கள். கிட்டாருக்குள் கிரவுண்ட் வளையம் உண்டாகி உறுமும் என்று பயமுறுத்துவோர் உண்டு. ஒரு கையகலக் குழிக்குள் அந்தக் கவலை தேவையில்லை. கவலைப்பட வேண்டியது வேறு: சுவிட்சின் முனைகளோ சமிக்ஞை வயர்களோ புதிய செப்புச் சுவரைத் தொட்டால் கிட்டார் ஊமையாகிவிடும். தொடக்கூடிய இடங்களில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஸ்ட்ராட்டின் ஜாக் குழி மிகக் குறுகலானது. ஜாக்கின் நுனித் தகடு பிளக் செருகும்போது வெளியே வளைந்து சுவரைத் தொடும். ஆகவே அந்தக் குழிக்கு நாடா ஒட்டாமல், ஜாக்குக்குப் போகும் இரண்டு வயர்களுக்குப் பதிலாகக் கவசமிட்ட ஒற்றை வயர் போடுவதே எனக்குப் பிடித்த வழி.

பற்றவைப்பில் கவனிக்க வேண்டியவை சிலவே. 60/40 கலவை, ரெசின் உள்ளீடு கொண்ட ஈயம் வாங்குங்கள். குழாய் வேலைக்கான அமிலப் பசை வயரை அரித்துவிடும். 40 வாட் அயர்ன் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கட்டுப்பாட்டின் முதுகை உப்புத்தாளால் சுரண்டிவிட்டுப் பற்றவைத்தால் ஈயம் விரைவில் பிடிக்கும். நீண்ட நேரம் சூடேற்றினால் உள்ளிருக்கும் கரிப்பாதை கெடும். ஸ்பிரிங் கொக்கி மட்டும் தடித்த இரும்பு, அதற்கு 60 வாட்டாவது வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், அதில் ஈயம் இருக்கிறது.

கட்டுப்பாடுகள், ஜாக், பிக்கப்

குமிழைத் திருகினால் கரகரத்தால் புதிது வாங்கும் முன் கான்டாக்ட் கிளீனரைக் கட்டுப்பாட்டின் இடுக்கில் ஒருமுறை பீய்ச்சி, இருபது முப்பது தடவை முழுக்கத் திருகுங்கள். துரு நீக்கும் எண்ணெய் இதற்கு ஆகாது. மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. அதன் மேல் 'ஏ' என்று குறித்திருக்க வேண்டும். கவனிக்காமல் வாங்கினால் 'பி' வகை வந்து சேரும், வால்யூம் கடைசி ஓரத்தில் மட்டும் திடீரென்று விழும். மலிவுக் கிட்டார்களில் இருப்பது சிறிய கட்டுப்பாடு. நல்ல பெரிய வகைக்குப் பிக்கார்டின் துளையை 9.5 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்த வேண்டியிருக்கும். பழைய குமிழும் புதிய தண்டில் சேராமல் போகலாம்.

ஜாக்கை யோசிக்காமல் மாற்றுங்கள். மூடிய பிளாஸ்டிக் ஜாக்குகள் தளர்ந்துபோகும். சுவிட்ச்கிராஃப்ட் போன்ற திறந்த உலோக வகை பல ஆண்டுகள் இழுத்துச் செருகினாலும் தாங்கும்; தளர்ந்தாலும் நுனித் தகட்டைச் சற்று உள்ளே வளைத்தால் சரியாகிவிடும்.

பிக்கப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பட்டைக் காந்தம் ஒட்டிய மலிவுப் பிக்கப்பை நீக்கி அல்னிக்கோ காந்தம் கொண்ட ஒற்றைச் சுருள் போட்டால் தொனி மாறும், உறுமல் மாறாது. உறுமலுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், ஒற்றைச் சுருள் அளவுள்ள ஹம்பக்கரையோ அடுக்குச் சுருள் வகையையோதான் வாங்க வேண்டும். வயர் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அட்டையோடு வரும் படத்தைத் தூக்கி எறியாதீர்கள். புதிய பிக்கப்பும் பழையதும் சேரும் நிலையில் ஒலி மெலிந்து மூக்கடைத்ததுபோல் இருந்தால் இரண்டும் எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன. ஒன்றின் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். அந்தப் பிக்கப்புக்கு உலோக மூடி இருந்தால் மட்டும் மூடியின் கிரவுண்டைத் தனியாகப் பிரித்துவிட்டு மாற்றுங்கள்.

சுருதி நிற்க

டியூனிங் கீ மீது பழி போடுவது எளிது. பற்சக்கரம் உண்மையில் தானாகப் பின்னோக்கிச் சுழல்வது அரிது. கம்பி சிக்கும் இடம் பெரும்பாலும் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு. சுருதி சேர்க்கும்போது "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டு ஸ்வரம் குதிக்கிறதா? கம்பி பள்ளத்தில் மாட்டிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது. கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் நிறைய இழுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. இழுத்த கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும்.

2பி பென்சிலின் கரித்தூளைப் பள்ளங்களில் தேய்ப்பது முதல் மருந்து. பலன் இருந்தும் நிலைக்கவில்லை என்றால் எலும்பிலோ கிராஃபைட் கலந்த பொருளிலோ செய்த, பள்ளம் வெட்டி வரும் நட் வாங்குங்கள். இந்த வகைக் கழுத்துக்கு அகலம் வழக்கமாக 42 மில்லிமீட்டர், தடிமன் 3.2 அல்லது 3.5, பழையதை அளந்துவிட்டே வாங்குங்கள். எடுக்கும் முன் ஓரங்களில் பிளேடால் கீறிவிட வேண்டும், இல்லையென்றால் வார்னிஷ் சேர்ந்து பெயரும். சிறு மரத்துண்டு வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் கழன்றுவிடும். புதியது உயரமாக இருந்தால் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேயுங்கள். மூன்றாம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்தினால், முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவே இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு சொட்டு பசை போதும். நாளை ஒருவர் அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அதன் பிறகும் டியூனிங் கீ மாற்ற ஆசை இருந்தால் தடையில்லை. கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் வகை, சுற்று குறைவதால் கம்பி மாற்றும் வேலையைச் சுலபமாக்கும். தலையில் உள்ள துளையை மட்டும் அளங்கள்: நவீன வகைக்கு 10 மில்லிமீட்டர், பழைய பாணிக்கு ஏறக்குறைய 8.5. பழைய திருகுத் துளைகளைப் பல்குச்சியும் மரப்பசையும் வைத்து அடைத்துவிடலாம்.

பிரிட்ஜ் வாங்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெளிப்பக்க இரண்டு கம்பிகளுக்கு இடையிலான தூரம் 52.5, 54, 56 மில்லிமீட்டர் என்று கிட்டாருக்குக் கிட்டார் மாறும். ஆறு திருகுகளின் இடைவெளியும் அதுபோலவே. மலிவுக் கிட்டார்கள் சிலவற்றின் உடல் வழக்கமான 45 மில்லிமீட்டரைவிட மெல்லியது. பிரிட்ஜின் அடியில் தொங்கும் முழு அளவு எஃகுக் கட்டை அதில் முதுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த மூன்றையும் அளக்காமல் பணம் கட்டாதீர்கள்.

ட்ரெமலோ கோலைப் பயன்படுத்தாதவர்களுக்கு இதைவிட மலிவான வழி உண்டு. முதுகில் ஸ்பிரிங்குகளை ஐந்தாக்கி, பிரிட்ஜ் உடலில் படியும்வரை கொக்கித் திருகுகளை இறுக்குங்கள். ஒரு கம்பியைத் திருகினால் மற்ற ஐந்தும் கலையும் தொல்லை அதோடு முடிந்தது. ஸ்பிரிங்குகள் கம்பியோடு சேர்ந்து அதிர்ந்து "ஸிங்" என்று ஒலித்தால் இடையில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகுங்கள். சேடிலின் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) உயரத் திருகு தளர்ந்து சிலுசிலுத்தால் அதன் மரையில் ஒரு துளி நகப்பூச்சு போதும். கடற்கரை ஊர்களில் இந்தச் சிறு திருகுகள்தான் முதலில் துருப்பிடித்து இறுகும். கம்பி மாற்றும்போதெல்லாம் ஊசி முனையால் ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் வையுங்கள்.

எல்லாவற்றையும் மூடிய பிறகு புதிய கம்பிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் கையால் சற்று இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு கழுத்தின் வளைவைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்தினால் ஏழாவதில் கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அந்த வளைவைச் சரிசெய்ய, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம். கம்பி உயரம் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் 1.6 முதல் 2 மில்லிமீட்டர். கடைசியாகப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி எழும் ஸ்வரத்தையும், அங்கேயே தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் சுருதியைச் சரிசெய்துவிட்டே மறுபடி ஒப்பிட வேண்டும்.